ஆடுபவரின் பணம் எங்கே இருக்கிறது? - இணையச் சூதாட்டச் சட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களே, அதிகாரிகளே,

வணக்கம். பல ஆண்டுகளாக இணையத்தில் பணம் கட்டி, போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடி வருபவன் நான். இந்த ஆட்டத்தைப் பற்றி எந்த நாட்டில் பேச்சு எழுந்தாலும் அது ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: இது திறமையா, அதிர்ஷ்டமா?

இரண்டும்தான். ஒரே ஒரு கையில், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்றில், நேற்று ஆடக் கற்றவர்கூட என்னை வழித்து எடுத்துவிடலாம். லட்சம் கை ஆடினால் அது நடக்காது. 2012-ல் நியூயார்க்கில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. திறமை பற்றி அவர் சொன்னது தவறு என்பதால் அல்ல. அந்த வழக்கின் சட்டத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை என்பதால். நீங்களும் அதை விட்டுவிட்டு, ஆடுபவரின் பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இணையச் சூதாட்டம் பற்றிய அமெரிக்காவின் 2006-ம் ஆண்டுச் சட்டம் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவோடு ஒட்டவைத்து நிறைவேற்றப்பட்டது. அது ஆடுபவரைத் தொடவில்லை. சட்டவிரோதச் சூதாட்டத்துக்குப் பணம் போகும் வழியை அடைத்தது. போக்கர் அதில் சேருமா என்று தெளிவாகச் சொல்லவில்லை. சில தளங்கள் விலகின. விலகாதவை பணம் வாங்கக் குறுக்குவழி தேடின. 2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய தளங்களை நடத்தியவர்கள்மீது வங்கி மோசடி உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. அந்த நாளைத்தான் கறுப்பு வெள்ளி என்கிறோம், எங்களில் எல்லாருக்கும் தெரியும்.

அவற்றில் போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைச் சில வாரங்களில் திருப்பித் தந்தது. இன்னொரு தளமான ஃபுல் டில்ட்டால் முடியவில்லை. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடிதான் என்றது அரசுத் தரப்பு. அமெரிக்கர்கள் கையில் பணம் வரத் தொடங்கியது 2014-ல். இத்தனைக்கும் அது உரிமம் இல்லாத தளம் அல்ல, பிரிட்டனை அடுத்த சிறிய ஆல்டர்னித் தீவின் உரிமம் பெற்றது. வைப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கச் சொல்லாத உரிமத்தால் எனக்கு என்ன பயன்?

அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் தளங்களில் எதிராளியின் மூடிய சீட்டுகளைப் பார்த்தபடியே ஆடிய கணக்குகள் 2007, 2008-ல் அம்பலமாயின. முதலில் மோப்பம் பிடித்தது கண்காணிப்பாளர்கள் அல்ல. தோற்றவர்கள் பழைய கைகளின் பதிவுகளை உட்கார்ந்து அலசி, இப்படி யாராலும் ஜெயிக்க முடியாது என்று காட்டினார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டமே எங்களுக்குத் தர வேண்டும்.

என் கதையையும் சொல்கிறேன். ஒரு தளத்தில் பணம் போட எனக்கு அரை நிமிடம்தான் ஆனது. எடுக்கப் போனபோதுதான் அடையாளச் சான்று கேட்டார்கள், பிறகு முகவரிச் சான்று, பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் திரையில் ஒரு பொத்தான் இருந்துகொண்டே இருந்தது: கோரிக்கையை ரத்துசெய்து தொடர்ந்து ஆடலாம். மூன்றாம் நாள் இரவு அழுத்திவிட்டேன். விடிவதற்குள் எல்லாம் போயிற்று. தோற்றது என் தவறுதான். அந்தப் பொத்தானை அங்கே வைத்தது நான் அல்ல. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021-ல் அந்த வசதியையே தடைசெய்தது. திறமை, அதிர்ஷ்டம் என்ற விவாதம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

முழுத் தடைதான் வழி என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் நன்றாக ஆடுபவர்களிலும் பலர் நீண்ட காலத்தில் தோற்கவே செய்கிறார்கள். அடிமையாகிப் போனவர்களையும் நான் அறிவேன். ஆனால் தடை வந்த பிறகும் அவர்கள் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன், தளம்தான் மாறியது. புகார் கொடுக்க முகவரிகூட இல்லாத இடத்துக்குப் போய்விட்டார்கள். உரிமம் உள்ள எல்லாத் தளங்களிலிருந்தும் ஒரே விண்ணப்பத்தில் தன்னை விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவர்களுக்கு வேண்டும்.

வரைவில் கைவைக்கும் முன், ஏதாவது ஓர் உரிமம் பெற்ற தளத்தில் சிறிய தொகையைப் போட்டு, ஒரு கைகூட ஆடாமல் அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆகிறது, இடையில் திரை உங்களிடம் என்னென்ன கேட்கிறது என்று குறித்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரன்