ரிஜெக்ட் தண்ணி எங்க போவுதுன்னு ஒரு தடவ பின்னாடி போய் பாருங்க: எங்க ஊர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. எங்க பஞ்சாயத்து கிராம சபைக்கு வர்ற பெரியவங்க, மகளிர் குழு அக்காங்க, கிளர்க் சார், டேங்க் ஆப்பரேட்டர் மாமா எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன். மார்ச் 22 தண்ணி தினத்து கிராம சபையிலயே பேசிடலாம்னுதான் வந்தேன், கையும் தூக்கினேன், என் முறை வர்றதுக்குள்ள தீர்மான நோட்டு கையெழுத்துக்கு சுத்த ஆரம்பிச்சிடிச்சு, ஆளுங்க 100 நாள் வேலை பேச்சுக்குப் போயிட்டாங்க. யார் மேலயும் கோவம் இல்ல. ஊர் பேரு போடல, பென்னாகரம் பக்கம்னு மட்டும் வெச்சுக்குங்க, தர்மபுரி கிருஷ்ணகிரில இதப் படிக்கிற பாதி பேருக்கு இது அவங்க ஊர் கதையாவும்தான் இருக்கும்.

விஷயம் இதான். ரேஷன் கடை பக்கத்துல இருக்கிற, தண்ணியில உப்ப எடுக்கிற ஆர்ஓ பிளான்ட்டோட பின்பக்கம் யாராவது போய் பாத்திருக்கீங்களா? முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும், காயின் போட்டா 20 லிட்டர் கேன் ரொம்புது, கேரியர்ல ரப்பர் டியூப் போட்டுக் கட்டி எடுத்துக்கினு வர்றோம். பின்பக்கம் செவுத்த ஓட்ட போட்டு ஒரு பைப் வெளிய வருது, மிஷின் ஓடற வரைக்கும் அதுல ரிஜெக்ட், அதாவது உப்பு சேந்த கழிவுத் தண்ணி, கொட்டிக்கினே இருக்குது, கொட்டற இடத்துல மண்ணு வெள்ளையா பூத்துக் கெடக்குது, அங்கருந்து அதுவே ஒரு வழி பண்ணிக்கினு நேரா பழைய ஊர்க் கெணத்துல போய் எறங்குது. போன வாரம் நான் நிக்கறப்ப ரெண்டு வெள்ளாடு அதுல வாய் வெச்சு குடிச்சிக்கினு இருந்துச்சு, ஒரு அக்கா குண்டான் கழுவிக்கினு இருந்தாங்க, கேட்டதுக்கு "சும்மா போற தண்ணிதானே தம்பி"ன்னாங்க.

சும்மா போற தண்ணி இல்லக்கா அது.

எனக்கு எப்பிடி தெரியும்னா நான் 9 வருஷம் ஓமான்ல இந்த மாதிரி பிளான்ட் ஓட்டற வேலைதான் பாத்தேன். மஸ்கட் இல்லீங்க, அங்கருந்து பல மணி நேரம் தெக்க போவணும், அல் உஸ்தான்னு சொல்ற கடலோர பாலைவனம், ஒரு பக்கம் அரபிக்கடல், ஒரு பக்கம் மணல், நடுவுல ஒரு மீன்பிடி ஊரு, எங்க லேபர் கேம்ப், கடல்தண்ணிய குடிதண்ணியாக்கற ஒரு சின்ன பிளான்ட். மழைன்னு பாத்தா வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர்கூட கெடையாது, ஒரு சில வருஷம் ஒரு தூறலோட முடிஞ்சிடும். நமக்கு எண்ணூறு மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, அப்பறமும் நாம குடத்த எடுத்துக்கினு ரோட்ட மறிக்கிறோம், அது வேற கதை. அங்க ஆறு இல்ல, ஏரி இல்ல, பக்கத்துல போர் போட்டாலும் உப்பு. கடலத்தான் குடிச்சாவணும். பிளான்ட் நின்னுச்சுன்னா லாரி வரணும், லாரி வர்ற வரைக்கும் குளியல் கட், துணி தொவைக்கிறது கட், மெஸ்ல தட்டு கழுவறதுக்குக்கூட அளவு.

ஷிஃப்ட்ல என் வேலை என்னான்னா மணிக்கொரு தடவ நோட்டுல ரீடிங் எழுதணும். உள்ள வர்ற கடல் தண்ணி எவ்ளோ, உப்பு எவ்ளோ, நல்ல தண்ணி எவ்ளோ, ரிஜெக்ட் எவ்ளோ. கடல் தண்ணியில லிட்டருக்கு 35,000 மில்லிகிராமுக்கு மேல உப்பு, அத பெரிய பிரஷர்ல மெம்பிரேன்ல, அதாவது உப்ப தடுக்கற சவ்வுல, தள்ளினா 100 லிட்டருக்கு 40 லிட்டர் நல்ல தண்ணி கெடைக்கும், மிச்சம் 60 லிட்டர்ல மொத்த உப்பும் சேந்து கிட்டத்தட்ட 60,000 ஆயிடும். சென்னைக்கு மீஞ்சூர்ல 2010லயும் நெம்மேலியில 2013லயும் ஆரம்பிச்ச பிளான்ட்டும் இதே சங்கதிதான். உலகம் பூரா இப்பிடி வெளிய போற உப்புக் கழிவு ஒரு நாளைக்கு 14 கோடி கன மீட்டருக்கு மேலன்னு 2019ல ஐநா பல்கலைக்கழகத்து ஆய்வுல போட்டாங்க, தயாராவுற நல்ல தண்ணியவிட கழிவுதான் ஜாஸ்தி.

அந்த ரிஜெக்ட் பைப்ப எங்க விடறதுங்கறதுதான் அங்க பெரிய சண்டையே. கெட்டியான உப்புத் தண்ணி எடை ஜாஸ்தி, கடல்ல விட்டா மேல கலக்காது, அடியில போய் படுத்துக்கும், அடியில இருக்கிற ஜீவன் சாவும். அந்த ஊர் மீனவர் ஒருத்தர், எங்க அப்பா வயசு இருக்கும், டிஷ்டாஷாவ, அவங்க போடற நீள அங்கிய, முழங்காலுக்கு மேல தூக்கிக்கினு பைப் முடியற எடம் வரைக்கும் நடந்து போவாரு, தண்ணிய கையில அள்ளி நாக்குல வெச்சுப் பாப்பாரு, துப்பிட்டு எங்க சூப்பர்வைசர பாப்பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அடுத்த மாசம் பைப்ப இன்னும் உள்ள நீட்டி, முனையில ஒரே ஓட்டைக்குப் பதிலா வரிசையா சின்னச் சின்ன ஓட்ட போட்டு, தண்ணி பீச்சி அடிச்சு கலக்கற மாதிரி மாத்தினாங்க. அந்தாளு சொன்னதாலயா, வேற எங்கயாவது இருந்து பிரஷர் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தாரு.

அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. குப்பைய மணல்ல ஒரு பள்ளம் தோண்டி கொட்டுவாங்க, காத்து வந்துச்சுன்னா பிளாஸ்டிக் கவர் பூரா எழும்பி முள்ளு வேலியில துணி காயப்போட்ட மாதிரி தொங்கும், ஒட்டகமும் ஆடும் அதத் தின்னும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காத்துல அந்தப் பள்ளத்துல பாதி கடலுக்குத்தான் போவும். ஆனா தண்ணி விஷயத்துல மட்டும் ஏமாத்த முடியாது, ஏன்னா குடிக்க உறிஞ்சறதும் அதே கடல், கழிவு விடறதும் அதே கடல். 2008ல 2009ல அந்தப் பக்கம் கடல் செவப்பாயி பாசி வந்துச்சே, அப்ப வளைகுடாவுல பல கடல்தண்ணி பிளான்ட்ட நிறுத்தி வெச்சாங்க. நான் அப்ப அங்க இல்ல, எனக்கு முன்னாடி இருந்த மலையாளி அண்ணன் அதப்பத்தி பேய்க்கதை மாதிரி சொல்லுவாரு.

நமக்கும் கீழ இருக்கிறது ஒரு கடல்தாங்க, கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். பாறைக்குள்ள இருக்கிற தண்ணி. கருங்கல்லு பாறை பூமி நம்மளுது, அந்தக் கல்லுலயே ஃபுளோரைடு இருக்குது, அது ஜாஸ்தியானா பல்லுல கறை வரும், எலும்பு கெடும், தண்ணி எவ்ளோ நாள் கல்லுக்குள்ள ஊறுதோ அவ்ளோ கரைஞ்சு வரும், அதனாலதான் முன்ன கெணத்துல குடிச்ச தாத்தாவுக்கு இல்லாத கறை, ஆயிரம் அடி போர் தண்ணி குடிச்ச எங்களுக்கு வந்துச்சு. என் பல்ல பாத்தவங்களுக்குத் தெரியும். ஓமான் போன புதுசுல கேம்ப்ல எல்லாரும் நான் பான்பராக் போடறவன்னுதான் நெனைச்சாங்க, ஃபோர்மேன் கூப்ட்டு ரூம்ல துப்பக்கூடாதுன்னு வார்னிங்கே குடுத்தாரு. எங்க ஊர் தண்ணி சார்னு சொன்னா யாரு நம்புவா. வாய மூடிக்கினே சிரிக்கப் பழகிட்டேன், இப்ப என் அண்ணன் பொண்ணும் ஸ்கூல் போட்டோவுல வாய மூடிக்கினுதான் நிக்கறா. பல்லோட போனா பரவால்ல, நம்ம தெருவுலயே முட்டி வளைஞ்சு, இடுப்பு நிமுராம நடக்கிற பெருசுங்க எத்தினி பேருன்னு நீங்களே எண்ணிக்குங்க.

இதுக்குத்தான ஒகேனக்கல் திட்டம் வந்துச்சு. 2008ல அடிக்கல், ஜப்பான் கடன், ஆயிரத்து தொள்ளாயிரம் கோடிக்கு மேல செலவு, 2013ல தொறந்தாங்க, ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து. திட்டத்தோட பேர்லயே ஃபுளோரைடு பாதிப்பு தணிக்கிறதுன்னு இருக்குது. நல்ல திட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம ஊர்ல என்னா நடக்குதுன்னா, ஒகேனக்கல் தண்ணி கம்மியா வர்ற நாள்ல அதே ஓவர்ஹெட் டேங்க்ல போர் தண்ணியும் ஏத்தி கலந்து விடறோம். மாமா, உங்கள குத்தம் சொல்லல, குழாயில தண்ணி வரலன்னா மொதல்ல உங்க வீட்டு முன்னாடிதான் குடத்தோட வந்து நிக்கறாங்க, எனக்குத் தெரியும். ஆனா கலந்ததும் அது ஒகேனக்கல் தண்ணி இல்ல. அது புடிக்காமதான் ஜனங்க ஆர்ஓவுக்குப் போறாங்க, ஆர்ஓ ரிஜெக்ட் கெணத்துக்குப் போவுது, கெணத்துல இருந்து பூமிக்குப் போவுது, கெணத்த ஒட்டிதான் நம்ம பஞ்சாயத்து போர் இருக்குது. இப்ப புரியுதுங்களா நான் ஏன் கத்தறேன்னு.

கணக்கு சொல்றேன். போர்ல லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்குன்னு வெச்சுக்குவோம். குடிதண்ணிக்கு 1தான் நல்லது, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு இந்திய தரக்கட்டுப்பாட்டுல இருக்குது. 100 லிட்டர் உள்ள போயி 40 நல்லதா வெளிய வந்தா அந்த ஃபுளோரைடு கிட்டத்தட்ட மொத்தமும் மிச்சம் 60ல இருக்கும், 3 இருந்தது 5 ஆயிடும். அந்த அஞ்சத்தான் ஆடு குடிக்குது, கெணத்துல ஊத்தறோம். ஒரு நாளைக்கு 100 கேன் போவுதுன்னா 2,000 லிட்டர் நல்லது, 3,000 லிட்டர் ரிஜெக்ட்.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், ஆன்லைன்ல வாங்கின பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர வெச்சுக்கினு "எங்க வீட்டு போர் தண்ணி 400தான் காட்டுது, சூப்பர்"னு ஸ்டேட்டஸ் போடற தம்பிங்களுக்கு: அது மொத்த உப்ப ஒரு அந்தாசா காட்டும், ஃபுளோரைடு எவ்ளோன்னு அதுக்குத் தெரியாது, அதுக்கு தனி டெஸ்ட் இருக்குது. கொதிக்க வெச்சா கிருமி சாவும், ஃபுளோரைடு போவாது, தண்ணி சுண்டுனா இன்னும் கெட்டியாத்தான் ஆவும். எங்க அம்மாவே பல வருஷம் கொதிக்க வெச்சுதான் குடுத்தாங்க, பாவம்.

ரிஜெக்ட்ட எங்க விடறதுன்னு நீங்க திருப்பிக் கேப்பீங்க, கேக்கணும். நமக்கு கடல் இல்ல. குட்டை வெட்டி கீழ தார்ப்பாய் போட்டு வெயில்ல காய விடலாம்னு நானும் யோசிச்சேன், ஒரு நாளைக்கு அஞ்சு மில்லிமீட்டர் காயும்னு வெச்சா 3,000 லிட்டருக்கு 15 சென்ட் எடம் வேணும், மழைக்காலத்துல அதுவும் ரொம்பி வழியும். ஸ்கூல் கக்கூஸ்க்கு, சிமெண்ட் தரை கழுவறதுக்கு கொஞ்சம் போவும். அதனாலதான் எனக்குத் தோணுறது, ரிஜெக்ட்டயே கொறைக்கிற வழி பாக்கணும், அதாவது ஆர்ஓ ஓட வேண்டிய அவசியத்தையே கொறைக்கணும். ஒகேனக்கல் தண்ணிய டேங்க்ல போர்கூட கலக்காம தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் வெச்சு குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியா விடுங்க, வீட்டுக்கு ரெண்டு குடம் வந்தாலும் போதும். தொவைக்க, மாட்டுத் தொட்டி கழுவ போர் தண்ணி வேற குழாயில வரட்டும். ஓமான்ல எங்க கேம்ப்ல குடிக்கிற குழாய்க்கு நீலம், மத்ததுக்கு வேற கலரு, படிக்கத் தெரியாதவன்கூட மாத்திப் புடிக்க மாட்டான். பெயிண்ட் டப்பா எவ்ளோ ஆவப்போவுது.

இதோட இன்னொண்ணும் இருக்குது, எழுதறதுக்கே சங்கடமா இருக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல செப்டிக் டேங்க் லாரி ஒண்ணு ஏரி கால்வாய்ல வந்து பின்பக்க வால்வ தொறந்து வுட்டுட்டுப் போவுது. யாரு வீட்டது, யாரு லாரின்னு நான் எழுதல, உங்க எல்லாருக்கும் தெரியும், நாமளும் நம்ம வீட்டு டேங்க் ரொம்பினா அதே லாரிக்குத்தான் போன் போடறோம், எங்க கொட்டுவீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, நானும் கேக்கல. கேம்ப்ல அந்த லாரி மஞ்சக் கலர்ல இருக்கும், எங்க கொட்டினேன்னு சீட்டு காட்டினாத்தான் எங்க ஆபீஸ்ல பணம் குடுப்பாங்க, ஒரு டிரைவர் வழியிலயே மணல்ல விட்டுட்டு வந்து வெறுங்கையோட நின்னதும் நடந்துச்சு, அவனுக்கு அந்த டிரிப் பணம் போச்சு. நம்ம ஊர்லயும் லைசென்ஸ் இருக்கிற லாரிக்குத்தான் போன் போடறது, கொட்டின எடத்துக்கு சீட்டு வாங்கிட்டுத்தான் காசு குடுக்கறதுன்னு தீர்மானம் போடலாமே. அந்தக் கால்வாய் மழை வந்தா எங்க போய் சேருதுன்னு சொல்லணுமா, அதே கெணத்தோட ஊத்துக்குத்தான்.

மே 1 கிராம சபைல நான் மறுபடி கைய தூக்குவேன், இந்த தடவ முன் வரிசைல உக்காருவேன். அதுக்கு முன்னாடி கிளர்க் சார் மூணு பாட்டில்ல தண்ணி புடிச்சு, போர் ஒண்ணு, ஓவர்ஹெட் டேங்க் ஒண்ணு, அந்த ரிஜெக்ட் பைப் ஒண்ணு, தர்மபுரி லேபுக்கு அனுப்பி ஃபுளோரைடு எவ்ளோன்னு வாங்கி டேங்க் காலுல பெரிய எழுத்துல எழுதி வெச்சா நல்லா இருக்கும். லேப் பணம் நான் கட்றேன். பைப்ப கெணத்துல இருந்து திருப்பி ஸ்கூல் கக்கூஸ் தொட்டி வரைக்கும் கொண்டு போவ நான் அளந்து பாத்துட்டேன், 140 அடி, வழியில ஒரு வேப்பமரத்த மட்டும் சுத்திப் போவணும். பள்ளம் தோண்டறதுக்கு நாலு பசங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பைப்புக்கு பஞ்சாயத்துல காசு இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க, அது வரைக்கும் அந்த அக்காகிட்ட குண்டான வேற எடத்துல கழுவச் சொல்லியிருக்கேன், ஆட்டுக்குத்தான் சொல்லிப் புரிய வைக்க முடியல.

இப்படிக்கு,
ரெண்டாவது தெரு, பஸ் ஸ்டாப் பக்கத்து ஓட்டு வீட்டுக்காரன்