கல்லுக்கட்டியில் மாலை நேரமாவது நடக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியின் நெரிசலைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘ரோட்டை அகலப்படுத்தணும்’ என்பதுதான் முதலில் வருகிறது. கடைவீதியான கல்லுக்கட்டியிலும் கொப்புடைய அம்மன் கோயிலைச் சுற்றியும் எதை இடித்து அகலப்படுத்துவது? செட்டிநாட்டு ஊர்களில் வீதிகள் நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தவை. ஒரு வீதியில் தலைவாசல், அடுத்த வீதியில் பின்வாசல் என்று வீடுகள் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கிடக்கின்றன. மாட்டுவண்டிக்கும் நடந்து போகிறவருக்கும் போட்ட வீதிகள் அவை. 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டோம், வீதியின் அகலம் மட்டும் அதேதான்.

வண்டியைக் குறைப்பதே வழி. அதை ஊர்க்காரர்கள் நாமே தொடங்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடை திறக்கிற நேரத்தில் வீதியில் நின்று பாருங்கள். சாமான் வாங்குகிறவர்கள் வரும் முன்பே இரண்டு ஓரமும் இருசக்கர வண்டிகளால் நிறைந்துவிடும். பெரும்பாலும் கடைக்காரர்களுடையதும், கடையில் வேலை பார்க்கிறவர்களுடையதும்தான். இரவு கடை சாத்தும் வரை அவை நகராது. அப்புறம் வருகிற வாடிக்கையாளர் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்குகிறார். அதே நேரத்தில் எதிரே ஒரு மினி லாரி லோடு இறக்கிக்கொண்டிருக்கும். முகூர்த்த நாளில் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் படும் பாட்டைப் பார்க்கவே மனசு தாங்கவில்லை.

‘வீதிக்குள் வண்டியை விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்’ என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் காரில் உட்கார்ந்தபடி யாரும் சேலை எடுப்பதில்லை. இறங்கி, நடந்து, நாலு கடை ஏறுகிறவர்தான் வாங்குகிறார். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அடைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டமே. சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் 2019இல் நடைபாதையை நன்றாக அகலமாக்கி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடம் வரும் நாளில் நாமே வண்டியை ஒதுக்கி வைக்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. வயதானவர்களுக்கு வழி விடுகிறோம், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். இந்த ஊருக்கு அது தெரியும், பழக்கமும் உண்டு.

எனவே வணிகர்களும் கோயில் சுற்று வீதிக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கூடிப் பேசி, ஒரே ஒரு வீதியில் வண்டி விடாமல் நடக்க மட்டும் விட்டுத் தொடங்கலாம். சனி, ஞாயிறு மாலை மட்டும் போதும். லோடு இறக்குவதைக் காலை கடை திறக்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம். கடைக்காரர்களும் ஊழியர்களும் தங்கள் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம், முதல் அடி அங்கேதான் விழ வேண்டும். நடக்க முடியாதவர்களை இறக்கிவிட வரும் ஆட்டோவுக்கும், ஆம்புலன்சுக்கும், அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் தடை கூடாது.

இன்னொன்று. இப்படி ஏற்பாடு என்றாலே முதலில் விரட்டப்படுவது தள்ளுவண்டிக்காரரும் தரையில் பூக்கூடை வைத்திருக்கிற அம்மாவும்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்கள் பிழைப்புக்குப் பாதுகாப்பு தருகிறது. அவர்களையும் கூட்டத்தில் உட்கார வைத்து, இடத்தை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட வேண்டும்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் வணிகர்கள் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டினால், கயிறு கட்டவும் வழி சொல்லவும் எங்கள் வீதியிலிருந்து ஆட்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.