கிளட்ச் இல்லாத வண்டிக்குக் கியர் இறக்குவது யார்?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, விடு.

கடைசி வரியில் நக்கலடித்திருந்தாயே, "கிளட்ச்சே இல்லாத வண்டிக்கு மேட்டில் கியரை யார் இறக்குவது, உன் பக்கத்து வீட்டு டாக்டரா?" என்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியருக்குக் கியர் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, டபுள் கிளட்ச் போட்டு பஸ் ஏற்றியவன் நீ, கேட்கத்தான் செய்வாய். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டியான டாக்டரின் 1982 பென்ஸ் 230ஈ போன மாதம் அதே கேள்வியை என்னிடம் கேட்டது. நந்தி மலை ஏறும்போது முக்கி முனகியது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் கியர் இறங்கவில்லை. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்று சொல்லி, என் ஒரு வருட பென்ஷனைத் தொகையாகச் சொன்னார்கள்.

நீ எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கியர் போடுவாய். இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் காது கிடையாது. கம்ப்யூட்டரும் கிடையாது. இரண்டு ஆயில் அழுத்தங்கள் கயிறு இழுக்கின்றன, அவ்வளவுதான். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் கவர்னர், வேகம் கூடக்கூட அழுத்தத்தைக் கூட்டி வால்வை மேல் கியர் பக்கம் தள்ளும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங்கும், நம் கால் மிதிக்கு ஏற்ற அழுத்தமும் நிற்கும். மேட்டில் வேகம் குறைந்தால் கவர்னர் தளரும், கால் அழுத்தினால் எதிர்ப்பக்கம் வலுக்கும். எப்படியானாலும் கியர் இறங்கிவிடும்.

கால் மிதிப்பதை இந்த பென்ஸுக்குச் சொல்வது ஒரு கேபிள். நான் துபாய் கேரேஜில் இருந்தபோது வந்த அமெரிக்க வண்டிகளில் வேறு மாதிரி. 1964-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினின் உறிஞ்சு விசையே டயாஃபிரம் என்ற ஒரு மெல்லிய சவ்வு வழியாகச் சேதி சொல்லும். அது கிழிந்தால் எஞ்சின் கியர்பாக்ஸ் ஆயிலையே குடித்து வெள்ளைப் புகை விடும். சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்! கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸில் அந்த வேலைக்கு ஒரு கம்பி. அதைத் தப்பாக வைத்தால் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் பிளேட் கருகிவிடும் (பெடல்தான் கிடையாது, உள்ளே பிளேட் உண்டு).

சாதாரணமாக இறங்குவது இப்படி. ஓவர்டேக் செய்ய நாம் வலுக்கட்டாயமாக இறக்குவதுதான் கிக்டவுன். இந்த பென்ஸில் பெடலுக்கு அடியில் ஒரு சுவிட்ச். கால் கடைசிவரை போனால் அது அழுந்தி, கியர்பாக்ஸில் இருக்கும் சொலினாய்டுக்கு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வுக்கு, கரண்ட் போகும். அது ஆயிலைத் திருப்பிவிட்டு வால்வைக் கீழே தள்ளும். ஏற்கனவே வேகம் மீறிப் போயிருந்தால் கவர்னர் விடாது, நீயும் அந்த வேகத்தில் கீழ் கியருக்குக் கை வைக்க மாட்டாயே. மெதுவாக மிதித்தால் இது இரண்டாவது கியரிலேயே புறப்படும் என்பதையும் கேட்டுக்கொள், சிரிப்பாய்.

சரி, பழுதுக்கு வருகிறேன். எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்து, டாக்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன் (முட்டி வலி அதனால்தான் என்கிறாள் வீட்டில்). சத்தமே இல்லை. எழுந்து வந்து சுவிட்சை விரலால் அழுத்தினேன். "டிக்!" வயர், சொலினாய்டு எல்லாம் சுத்தம். பெடல்தான் சுவிட்ச்வரை போகவில்லை. ஏன் தெரியுமா? டாக்டரின் மாமியார் ஆசையாய் வாங்கிக் கொடுத்த தடிமனான தேங்காய் நார் மிதியடி, அதன் மேல் ஒரு ரப்பர் மேட்! இரண்டையும் உருவி எறிந்தேன். மறுநாள் நந்தியில் மிதித்ததும் உறுமிக்கொண்டு இறங்கியது.

ஆனால் மலை இறங்கும்போது உன் கட்சிதான் ஜெயிக்கும். கால் பெடலில் இல்லாததால் வண்டி தன்பாட்டுக்கு மேல் கியருக்கு ஓடப் பார்க்கும். எஞ்சின் பிடிமானம் வேண்டுமானால் லீவரைக் கையால்தான் கீழே இழுக்க வேண்டும். டாக்டருக்கு அது தெரியாமல் பிரேக்கிலேயே நின்றார், பாதி வழியில் தீய்ந்த வாசனை. நான்தான் கத்தினேன்.

பொங்கலுக்கு அப்புறம் வா. உன்னை ஓட்ட வைக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இடது காலை மட்டும் மடக்கி வைத்துக்கொள், பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று பிரேக்கை மிதித்துவிடாதே.

அன்புடன்,
ராஜு