ஓபர்ஹோஃபன் கோட்டைக்கு உள்ளேயும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

சுவிசில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

கோடைச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற பேச்சு தொடங்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். தூன் ஏரிக்கரையில் இருக்கும் ஓபர்ஹோஃபன் கோட்டைக்கு நம்மவர் பலர் போயிருப்பீர்கள். தண்ணீருக்குள் நிற்கும் அந்தச் சின்னக் கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்து, பூந்தோட்டத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, பின்னேரம் பஸ் ஏறியிருப்பீர்கள். நானும் மூன்று தடவை அப்படித்தான் வந்தேன். உள்ளே போனது நாலாவது தடவைதான். அன்றைக்கு என் அம்மாவும் மகளும் கூட இருந்தார்கள்.

கோட்டையின் நடுக்கோபுரம் ஏறக்குறைய 800 ஆண்டுப் பழையது. 1386இல் சுவிஸ் கூட்டணி ஹாப்ஸ்பர்க் படையை வென்ற செம்பாக் போருக்குப் பிறகு இடம் பேர்ன் பக்கம் போனது. 1652 முதல் 1798 வரை பேர்ன் அரசின் அதிகாரி இங்கிருந்துதான் ஊரை ஆண்டார். சிற்றாலயத்தின் சுவரில் 15ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள் இன்னும் இருக்கின்றன. இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலேயே கிடைக்கும். என்னை நிறுத்திவைத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு பெயர்: பூர்த்தாலேஸ்.

1844இல் இந்தக் கோட்டையை வாங்கி, இன்றைக்கு நாம் பார்க்கும் அழகுக்கு மாற்றிக் கட்டி, பூங்காவையும் அமைத்த குடும்பம் அது. அவர்களுடைய செல்வம் எங்கிருந்து வந்தது தெரியுமா? துணியிலிருந்து. இன்றைய மேற்கு சுவிசில் உள்ள நௌஷாத்தெல் நகரில் இருந்து வணிகம் செய்த ஜாக்-லூயி த பூர்த்தாலேஸ், லண்டனிலும் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலும் வந்து இறங்கிய இந்தியப் பருத்தித் துணியை வாங்கி, அச்சிட்டு ஐரோப்பா எங்கும் விற்றவர். அந்த அச்சுத் துணிக்கு அங்கே 'அந்தியென்' என்று பெயர், இந்தியாவினுடையது என்று பொருள். சோழமண்டலக் கரையின் நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணியைப் பார்த்து ஐரோப்பா கற்றுக்கொண்ட தொழில் அது. உள்ளூர் நெசவுக்கு ஆபத்து என்று பிரான்ஸ் 1686இல் அதற்குத் தடையே போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. அவ்வளவு பேர் அதை விரும்பியிருக்கிறார்கள்.

அந்தத் துணியை நாம் சீத்தை என்போம், தமிழ்நாட்டில் சீட்டி என்பார்கள். அதன் பேர்போன சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலத்தில் தோண்டி எடுத்த வேர். ஒல்லாந்தர் காலத்தில் அதைச் சேர்த்து ஏற்றுமதி செய்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

கோபுரத்தின் உச்சியில் ஓர் அறை இருக்கிறது. குடும்பத்தின் ஒரு பிரபு கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பிரஷ்யத் தூதராக இருந்தவர். அந்த நினைவில் 1850களில் துருக்கி முறையில் புகைபிடிக்கும் அறை ஒன்றை அமைத்தார்கள். சுவரோரமாகத் தாழ்ந்த திண்டு இருக்கைகள், கண் கூசும் நிறங்கள், வெளியே ஏரி. படி ஏறி வந்த அம்மா மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கீழ போய் மரத்தடியில இருப்பம் பிள்ளை" என்றார்.

கீழே வாங்கில் இருந்தபோதுதான் மகளுக்கு இந்தத் துணிக் கதையைச் சொன்னேன். அவள் அம்மம்மாவின் சட்டை விளிம்பை விரலால் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையில் சின்னச் சிவப்புப் பூ, தோய்த்துத் தோய்த்து மங்கிய சீத்தை. "அப்ப இந்த வீட்டை எங்கட துணியாலயா கட்டினவை?" என்று கேட்டாள். முழுக்க அப்படி இல்லை, கோபுரம் அவர்களுக்கு வெகு முந்தியது என்றேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. ஜெர்மன் பாடப்புத்தகத்தில் சுவிஸ் வரலாறு படிக்கும்போதெல்லாம் "அது அவையின்ர கதை" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை கேட்ட கேள்வி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாக்-லூயியின் தந்தை, மதத்தின் பேரால் பிரான்சில் வாழ முடியாமல் வந்த புரொட்டஸ்டன்ட் அகதி. அகதியாக வந்தவர் மகன் பெரும் வணிகனானான் என்று பெருமையாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே ஜாக்-லூயிக்குக் கரீபியனில் கிரெனடா தீவில் தோட்டங்கள் இருந்தன. அடிமைகள் உழைத்த தோட்டங்கள். இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். இந்த முறை ஓபர்ஹோஃபனுக்குப் போனால் காலையிலேயே உள்ளே போங்கள், சாப்பாடு பிறகு. அருங்காட்சியகத்தில் பேர்ன் வீடுகளின் 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான வாழ்க்கை அறை அறையாக இருக்கிறது. ஜெர்மன் நன்றாகத் தெரிந்த மூத்த மாணவர்களே அதைத் தமிழில் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் விளக்கட்டும். முந்தின சனிக்கிழமை வகுப்பில் சாயவேரையும் சீத்தையையும் ஒரு பாடமாக எடுத்துவிடுங்கள். வீட்டில் பழைய சீத்தைத் துண்டு இருந்தால் பிள்ளைகள் கொண்டுவரட்டும். பெற்றோரே, நுழைவுச் சீட்டுக் காசைப் பார்த்து வெளியே வாங்கில் இருந்துவிடாதீர்கள். நீங்கள் உள்ளே போகாவிட்டால் பிள்ளையும் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

சின்னவர்கள் களைத்தால் தோட்டத்துக்கு விடுங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிய சின்ன மரவீடு ஒன்று அங்கே இருக்கிறது. வெயில் நாளில் மரங்களுக்கு இடையில் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற பனிச் சிகரங்கள் மூன்றும் தெரியும்.

கோட்டை மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், திங்கட்கிழமை பூட்டு. தூன் ரயில் நிலையத்திலிருந்து பஸ்சில் கால் மணி நேரம், கப்பலிலும் வரலாம். எந்தப் பாடசாலை நாள் குறித்தாலும் நான் வருகிறேன். அம்மாவும் வருவார். படி மட்டும் இனி ஏற மாட்டாராம், மரத்தடியில் இருந்து பிள்ளைகளுக்குச் சாயவேர்க் கதை சொல்வாராம்.

அன்புடன்,
பேர்ன் மாநிலத்தில் வாழும் ஒரு தாய்