பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து மார்க் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் இன்ஜினியரிங் பாடத்திட்டம் பற்றி ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. 1980-ல் இன்டெல் கொண்டுவந்த, கருவிகளை இயக்குகிற குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரியான 8051 சிப்பை இன்னும் நம் கல்லூரிகளில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், அதைத் தூக்கிக் கடாசிவிட்டு செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவாருங்கள் என்று கோபமாக எழுதியிருந்தார். கோபம் நியாயம்தான், ஆனால் அடி வேறு முதுகில் விழுந்திருக்கிறது. நான் கோவை கணபதியில் போர்வெல் மோட்டார்களுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவன், வருஷா வருஷம் இசிஇ, ட்ரிபிள்இ முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்க உட்கார்ந்து பேசுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் 8051-க்காக ஒரு வார்த்தை. 4 கேபி ரோம், 128 பைட் ரேம், நாலு போர்ட், இரண்டு டைமர். மொத்த வீடே அவ்வளவுதான். ஒருவன் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினால் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈஎஸ்பி32-ல் ரேம் மட்டுமே 520 கேபி, வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ளேயே இருக்கிறது, அருமையான சிப், எங்கள் போர்டிலேயே போடுகிறோம். ஆனால் நேராக அதில் தொடங்குகிற பிள்ளைக்கு யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியைக் கூப்பிடத் தெரிகிறதே தவிர, கூப்பிட்டால் உள்ளே யார் எழுந்து வருகிறார்கள் என்று தெரிவதில்லை. ஆகவே பழைய சிப் என்பது ஒரு குற்றமே இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கிற விதத்தைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

லேபில் என்ன நடக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் சிப்பில் பழகுவதற்கான டிரெயினர் கிட். 4100 என்ற முகவரியில் தொடங்கி, சிப்புக்குப் புரிகிற கட்டளை எண்களாக 74, 05, 24, 03, 90, 45, 00, எஃப்0, 80, எஃப்இ என்று தட்டிக்கொண்டே போய் ஓடவிட்டு, 4500-ஐத் திறந்து பார்த்தால் 08 என்று நிற்கும். ஐந்தும் மூன்றும் எட்டு. கல்லூரியை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த எண்கள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த எட்டை வைத்து ஒரு விளக்கை எரிய வைப்பது எப்படி என்று அந்த லேபில் யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிட்டில் எல்லா ஒயரும் ஏற்கெனவே போட்டு முடித்திருப்பதால் எதுவும் கோளாறாக வழியே இல்லை. மீறி ஆகிவிட்டால் "அது வேலை செய்யாதுப்பா, பக்கத்துக் கிட்டுக்குப் போ" என்பார்கள். ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி, அதை அப்படியே பூட்டி வைத்துவிட்டு மற்ற பாதிக்கு ரெக்கார்டு நோட் எழுத வைத்தார்கள்.

அப்புறம் கடைசி வருஷப் புராஜெக்ட். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு சென்டரில் போய் மெனு கார்டு மாதிரி ஒரு பட்டியலைப் பார்த்து, இந்தத் தலைப்பு வேண்டும் என்று பணம் கட்டினால் போர்டு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் கையில் வந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது, நானும் மூன்று பேரோடு சேர்ந்து பங்கு போட்டு வாங்கியவன்தான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் போர்டில் இருந்த ஒரு சின்ன கெப்பாசிட்டரைத் தொட்டுக்காட்டி இது எதற்கு என்று கேட்டார். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிப்புக்குப் போகிற கரண்ட் திடீரென்று தள்ளாடும்போது பக்கத்திலேயே நின்று தாங்கிப் பிடிக்கிற 100 நேனோஃபேரட் கெப்பாசிட்டர் அது. அவரும் பாவம், இன்னும் பத்து குழு பாக்கி, சிரித்துவிட்டு மார்க் போட்டுவிட்டார்.

அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன். பட்டறை தொடங்கிய புதிதில், பல்லடம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு செய்து கொடுத்தேன். போன கரண்ட் திரும்பி வந்ததும் உடனே மோட்டாரை எடுக்கக்கூடாது, வோல்டேஜ் நிதானத்துக்கு வர ஒரு நிமிஷம் விட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுதான் அந்தப் போர்டின் வேலை. பட்டறையில் டேபிளில் வைத்துச் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே 5 வினாடி என்று வைத்து, சிப் நேரத்தை மில்லிசெகண்டில் எண்ணுவதால் 5-ஐ 1000-ஆல் பெருக்கு என்று எழுதி, இருபது முப்பது தடவை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். கச்சிதமாக ஓடியது. தோப்புக்குக் கொண்டுபோகிற அன்று காலையில் அந்த 5-ஐ மட்டும் 60 ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் போன். "தம்பி, பொட்டியில லைட்டு எரியுதுங்க, மோட்டாரு எடுக்கமாட்டீங்குதுங்க." ஓடினேன். ரிலேவை மாற்றினேன், போன் வந்தது. காண்டாக்டரை மாற்றினேன், மறுபடியும் போன். ஒரு பேஸ் வரவில்லையோ என்று மீட்டரை வைத்துப் பார்த்தேன், மூன்றும் இருந்தது. லோ வோல்டேஜ் என்று சொல்லிப் பார்த்தேன், பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நாலாவது தடவை லேப்டாப்போடு போய்த் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. அந்தப் போர்டில் இருந்த 8 பிட் சிப்பில் நாம் சும்மா எழுதுகிற முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், 32,767-க்கு மேல் கொள்ளாது. 60-ஐ 1000-ஆல் பெருக்கினால் 60,000. அது வழிந்து சுற்றி வந்து மைனஸ் 5,536 ஆகிவிட்டது. காத்திருக்கிற நேரத்தில் மைனஸ் கிடையாதே, அதனால் சிப் அதை 429 கோடிச் சொச்சம் மில்லிசெகண்டு என்று படித்துக்கொண்டது. நான் ஒரு நிமிஷம் பொறு என்று சொன்னதாக நினைத்தேன், அது 49 நாள் 17 மணி நேரம் பொறுக்கத் தயாராக, சமர்த்தாக லைட்டை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்ணுக்குப் பின்னால் யு, எல் என்று இரண்டு எழுத்து சேர்த்ததும் மோட்டார் ஓடியது. நாம் எழுதுகிற நிரலைச் சிப்புக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுகிற கம்பைலரில், எச்சரிக்கைகளைக் காட்டு என்று அமைப்பை மாற்றி வைத்திருந்தால் முதல் நாளே அது சொல்லியிருக்கும், அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

பிற்பாடு படித்தபோது ஒரு ஆறுதல் கிடைத்தது. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 வினாடியில் சிதறியதும் கிட்டத்தட்ட இதே இனத்துத் தப்புதான். 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்து அது கொள்ளவில்லை, அதுவும் ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலின் பகுதியை எடுத்து வைத்ததில் வந்த வினை. என் ஐந்து அறுபதான கதைதான், செலவுதான் கொஞ்சம் ஜாஸ்தி.

இப்போது வேலை கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைப்பது ஒரே ஒரு சோதனை. ஆர்டுயினோ நானோ என்கிற குட்டி நிரல் போர்டு ஒன்று, சாலிடர் இல்லாமல் ஒயர் செருகிப் பார்க்கிற பிரட்போர்டு, ஒரு புஷ் பட்டன், மல்டிமீட்டர். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் திரையில் எண் ஒன்று கூட வேண்டும். போனில் ஏஐ-யிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானே சொல்லிவிடுவேன், அதில் ஒரு தப்பும் இல்லை. பத்து நிமிஷத்தில் எழுதிவிடுவார்கள். அழுத்தினால் 1, இன்னொரு தடவை அழுத்தினால் 4, அடுத்தது 9. உடனே நிரலில் வரிகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள், ஏஐ 20 மில்லிசெகண்டு பொறுக்கச் சொல்கிறது, போடுவார்கள், சரியாகிவிடும். ஏன் இருபது, இரண்டு போதாதா, இருநூறு ஏன் கூடாது என்று கேட்டால் அறையில் ஃபேன் சத்தம்தான். ரெஸ்யூமில் மெஷின் லேர்னிங், கிளவுட் எல்லாம் இருக்கும். போன வருஷம் ஒரு பாலிடெக்னிக் பெண் வந்தது. ஏஐ-யைத் தொடவே இல்லை, பட்டனை மெதுவாக அழுத்திப் பார்த்தது, வேகமாக அழுத்திப் பார்த்தது, கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து டிக் டிக் என்று அமுக்கிப் பார்த்தது, "சார், இது உள்ள ஒரு தடவ ஒட்டாம துள்ளுதுங்க" என்றது. அந்தத் துள்ளலால் ஒரு அழுத்தல் பல அழுத்தலாக எண்ணப்படாமல் தடுப்பதற்குப் பெயர் டிபவுன்ஸ், அந்த வார்த்தை அதற்குத் தெரியாது. வார்த்தையை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று சேர்த்துக்கொண்டேன்.

சேர்ந்தபின் அந்தப் பெண்ணும் ஒரு தப்பு பண்ணியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது கரண்ட் போனாலும் அழியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வினாடியும் அதை ஈப்ராம் என்கிற அழியாத நினைவகத்தில் ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. டேபிளில் பிரமாதமாக ஓடும். சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைத் திறந்தால், ஒரு இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதத்தான் உத்தரவாதம். ஒரு லட்சம் வினாடி என்பது 28 மணி நேரம்கூட இல்லை. இரண்டு நாள் ஓடினாலே உத்தரவாதம் காலாவதி. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மண்டையில் நிற்காது, ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டால் சாகிறவரை மறக்காது.

ஆகவே நான் கேட்பது சிலபஸ் மாற்றம் கூட இல்லை. கடைசி வருஷப் புராஜெக்ட் எதுவாக இருந்தாலும் அது ஹாஸ்டல் தண்ணித் தொட்டியிலோ கேன்டீன் ஃப்ரிட்ஜிலோ கல்லூரி ஜெனரேட்டரிலோ ஒரு மாதம் ஓட வேண்டும், நின்றுபோன ஒவ்வொரு தடவையும் என்றைக்கு, ஏன், என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், மார்க்கில் பாதி அந்த நோட்டுக்கு. ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று எழுதியிருந்தால் எனக்கு முதல் சந்தேகமே அங்கேதான் வரும். வைவாவில் எக்ஸாமினர் ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகட்டும், பட்டனை வெறி பிடித்த மாதிரி அழுத்தட்டும், சென்சார் ஒயர் ஒன்றை உருவிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். மாடியில் வாங்கிய போர்டுகள் அங்கேயே படுத்துவிடும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஆர்டுயினோ 2005 வாக்கில் இத்தாலியில் இவ்ரியா என்கிற சின்ன ஊரில், டிசைன் படிக்கிற மாணவர்கள் கையில் கொடுக்கத்தான் உருவானது, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களுக்காக இல்லை. அதன் லோக்கல் நகல் ஒன்றும் ஒரு மல்டிமீட்டரும் முதல் வருஷத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், எரிந்தால் எரியட்டும். ரெக்கார்டு நோட், பைண்டிங், பிரின்ட்அவுட் என்று நாலு வருஷத்தில் செலவழிக்கிற காசில் பாதிகூட ஆகாது. பிசிபி, அதாவது சர்க்யூட் போர்டு, வரைய கிகேட் என்கிற மென்பொருள் இலவசம், ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகளும் இலவசமாகப் பார்க்கலாம். சென்னை ஐஐடியில் சக்தி என்று சொந்தமாகப் பிராசசரே வடிவமைத்திருக்கிறார்கள், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆசிரியர்கள் மேல் பழி போட எனக்கு மனசில்லை. அறுபது பிள்ளைகள், பதினைந்து கிட், அதில் நாலு ஓடாது, மீதி நேரத்தில் அங்கீகாரத்துக்கு ஃபைல் தயார் பண்ண வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த வேலையில்தான் இருக்கிறான், லேப் முடிந்து அவன் போனில் பேசுவதைக் கேட்டால் போர் மோட்டாரே தேவலை என்று தோன்றும். கடிதம் எழுதிய வாசகருக்கும் அதைத்தான் சொல்வேன், சிப்பை மாற்றினாலும் கிட் பூட்டியே இருந்தால் ஏஐ-யும் ரெக்கார்டு நோட்டில்தான் போய் உட்காரும்.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மேஜை காலியாக இருக்கும். தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த பழைய போர்டுகள் ஒரு கூடை நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி செத்தது. கோவையில் எந்தக் கல்லூரி ஆசிரியராவது நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால், எது எப்படிச் செத்தது என்று உட்கார்ந்து தேடலாம், டீ என் செலவு. மல்டிமீட்டருக்கு 9 வோல்ட் பேட்டரி மட்டும் கையோடு கொண்டுவரட்டும், இங்கே இருப்பதை யாராவது எப்போதும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்