பிள்ளைக்காம்பராவின் சாவிக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணையாளராக வந்து ஆறு வருடமாகிறது. இந்த மாதம் ஊர் மாறிப் போகிறேன். போவதற்கு முன் இதை எழுதாவிட்டால் மனம் ஆறாது. யாருடைய பேரையும் போடவில்லை. என்னிடம் பேசியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும், அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

முதல் நன்றி, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் அக்காவுக்கு. எனக்கென்று ஓர் அறை இருக்கவில்லை. தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன பிறகு, சாவியை என் கையில் தந்தீர்கள். தொட்டில் சேலைகளை ஓரமாக முடிந்துவிட்டு இரண்டு கதிரை போட்டு வைத்தீர்கள். யாராவது எட்டிப் பார்த்தால் வாசலிலேயே பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே ஒரு பெண் வாய்விட்டு அழ இடம் கொடுத்தது நீங்கள்தான் அக்கா.

மேல் டிவிசன் வரை மழையிலும் ஏற்றிவந்த ஆட்டோ தம்பிக்கும், எங்கள் ஆட்களிடம் கேட்பதற்காகவே "தூக்கம் வருதா? பயமா இருக்கா?" என்று தமிழில் கேட்கப் பழகிய சிங்களத் தாதிக்கும் நன்றி.

இனி, கொழுந்து பறிக்கும் அந்த அக்காவுக்கு. வந்து உட்கார்ந்ததும் "ரொம்ப நன்றிங்க மிஸ்" என்பீர்கள். எழும்பும்போதும் அதையே சொல்வீர்கள். நடுவில் பேச்சு அதிகம் இருக்காது. நான் படித்ததை வைத்து ஒரு கொப்பி தந்தேன், நன்றி சொல்லத் தோன்றுவதை எழுதிவரச் சொல்லி. 2003இல் எமன்ஸ், மெக்கலா என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதிவந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள். நரம்புத்தசை நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளமே போடும் அரைப்பேருக்குப் பயந்து தேயிலை மலைக்குப் போகிறவர்கள் யாரும் அதில் இல்லை.

நீங்கள் எழுதிவந்தது இது: துரைக்கு நன்றி, கங்காணிக்கு நன்றி, அரைப்பேர் போடாததுக்கு நன்றி. அதை வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மூன்று வரியிலும் பயம்தான் இருந்தது. கொப்பியை மூடி வைத்தேன். பிறகுதான் நீங்கள் பேசத் தொடங்கினீர்கள், மழையைப் பற்றி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு, சரிவில் குடியிருக்கிறவர்களுக்கு மழை ராத்திரியில் ஏது நித்திரை? பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டியே படுக்கப் போடுவதாகச் சொன்னீர்கள். நாலு மாதம் அதைத்தான் பேசினோம்.

ஒருநாள், உங்கள் லயத்தில் பயந்து ஓடிய ஒரு மழை ராத்திரியைப் பற்றி நீங்களாகவே சொன்னீர்கள்: "அன்னிக்கு ராத்திரி பக்கத்துக் காம்பரா அக்காதான் எம்புள்ளைங்க ரெண்டையும் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுனாங்க. அவங்ககிட்ட நான் ஒண்ணுமே சொல்லலை மிஸ்." அடுத்த வாரம் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். இரண்டு பேரும் அழுததைச் சொல்லும்போது சிரித்தீர்கள். வேதனையைக் கேட்டு முடிக்கும் முன்பே யாரிடமும் நன்றியைக் கேட்கக் கூடாது என்பதை உங்களிடம்தான் படித்தேன்.

கடைசி நாள் தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றை நீட்டினீர்கள். அன்பளிப்பு வாங்கக் கூடாதென்பது எங்கள் தொழிலில் சொல்லித்தருவது. தயங்கிப்போய், வெளியே வந்து என் மேற்பார்வையாளருக்குக் கோல் எடுத்தேன். "கொடுக்கிற இடத்தில் அவர் இருந்ததே குறைவு, அதை யோசித்துப் பாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கும் நன்றி. பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பிலேயே தேத்தண்ணி போட்டு, பிள்ளைக்காம்பரா அக்காவோடு மூன்று பேரும் குடித்தோம்.

அடுத்த மாதம் புதிய தங்கச்சி ஒருவர் வருகிறார். அதுவரை ராத்திரியில் மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அக்கா, சாவியைப் பால்மா அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அந்தத் தங்கச்சிக்கும் இரண்டு கதிரை போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மிஸ்