தகரக் கூண்டில் குருவி தங்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20-ஐ ஒட்டிப் பள்ளிகளிலும் வீடுகளிலும் கூடுபெட்டிகள் மாட்டுகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பெட்டி, கிருஷ்ணகிரி வெயிலில் சித்திரையில் அடுப்பாகக் கொதிக்கும். குஞ்சுகள் வெந்து சாகும். 2 செ.மீ. தடிமனுள்ள பழைய மரப்பலகையே ஏற்றது. மாம்பழப் பெட்டிச் சட்டங்கள் மெலிசு, வெப்பத்தைத் தடுக்காது.

சிட்டுக்குருவிக்கு வாசல் 32 மி.மீ. போதும். பெரிதாக வெட்டினால் மைனா பிடித்துக்கொள்ளும். வாசல் பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தாழ்வாக இருந்தால் பூனையின் கை குஞ்சுவரை எட்டும். வாசலுக்குக் கீழே குச்சி வைக்கவே வேண்டாம், அது காக்கைக்குத்தான் உதவும். அடியில் 6 மி.மீ. துளைகள் நான்கு, கூரை முன்பக்கம் நீட்டல், உள்ளே பெயின்ட் கூடாது. மேற்கு வெயில் படாத சுவரில் 3 மீட்டர் உயரத்தில் ஆடாமல் மாட்டுங்கள். குஞ்சுகள் பறந்தபின் பழைய கூட்டை எடுத்துவிடுங்கள், உண்ணி தங்கிவிடும்.

வௌவால் தங்க மாட்டும் பெட்டி வேறு வகை. வாசல் அடியில், 2 செ.மீ. இடுக்காக இருக்கும். உள்பலகையை ரம்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்காவிட்டால் வௌவாலால் பற்றித் தொங்க முடியாது. மாந்தோப்புக்காரர்கள் அஞ்ச வேண்டாம்: பழந்தின்னி வௌவால்கள் இந்த இடுக்கில் நுழையாது. வருபவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள்.

சிட்டுக்குருவிக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு. பெட்டி மாட்டிய தோட்டத்தில் மருந்தடிப்பதை நிறுத்துங்கள்.

பறவை ஆர்வலர்கள்,
காவேரிப்பட்டணம்.